சௌடேஸ்வரியின் அளவு நூல்

பத்து மணிக்குக் கரிபஸ். விடிந்ததிலிருந்து லிங்கம்மாளின் கால் தரையில் பாவவில்லை. கட்டிய மூட்டையை அவிழ்ப்பதும், அவிழ்த்ததைக் கட்டுவதுமாக நான்கு தடவை ஆயிற்று.

போன வாரம் ஒற்றை ஆளாய் வரிசையில் நின்று, அம்மை குத்திய சீட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாளே, அந்த லிங்கம்மாள்தான். கதையை இன்றைக்குத்தான் கையில் எடுக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. அருப்புக்கோட்டையில் தறிக்காரர் திம்மையாவுக்கு வாழ்க்கைப்பட்டுப் பதினைந்து வருஷம். வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. திம்மையாவின் தம்பி பாலையா கொழும்பில் ஒரு ஜவுளிக்கடையில் இருக்கிறான். ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்ட மாதத்தில் அவன் மனைவி ஒரு பெண் குழந்தையைப் பெற்றுப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிவிட்டாள். ‘இது மதினிக்குத்தான்’ என்று பாலையா எழுதிவிட்டான்.

சண்டைக் காலம். போய்ப் பிள்ளையைக் கையில் வாங்க வழியில்லை. லிங்கம்மாள் தான் கட்டிப் பழகிய பச்சைச் சேலை ஒன்றைத் தபாலில் அனுப்பினாள். அந்தச் சேலையில் குழந்தையைக் கிடத்தி, அண்ணன் பேரையும் மதினி பேரையும் சொல்லி, அதன் வாயில் மஞ்சள் நீர் தொட்டு வைத்தான் பாலையா. மஞ்சள் நீர் குடித்தால் சுவீகாரம் முடிந்தது. குலதெய்வத்தின் பேரையே வைத்தார்கள், சௌடேஸ்வரி என்று. அன்றிலிருந்து லிங்கம்மாள் ஒரு பிள்ளைக்குத் தாய். முகம் பார்க்காத பிள்ளை.

சண்டை முடிந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. திம்மையாதான் சாக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். நூல் ரேஷன் ஆகிவிட்டது என்றார். தறியில் பாவு பாதியில் நிற்கிறது என்றார். கடலில் காற்று சரியில்லை என்றுகூட ஒருநாள் சொன்னார். அருப்புக்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு கடல் காற்றுக்குக் கவலைப்பட்ட ஒரே தறிக்காரர் அவராகத்தான் இருப்பார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இவர்கள் வீட்டில் அடுப்படிப் பேச்சு கன்னடம். வாசல் தாண்டி வெளியாளிடம் பேசும்போதுதான் தமிழ். புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வதை நான்தான் தமிழில் தருகிறேன். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பது மணிக்கு லிங்கம்மாள் ஒரு பாவாடைத் துணியைச் சுருட்டிக்கொண்டு மாரிச்சாமியின் தையல் மிஷினுக்கு ஓடினாள். மற்ற வருஷங்களில் வீட்டுத் தறியிலேயே பிள்ளைக்கு நெய்துவிடுவார்கள். இந்த வருஷம் நூல் இல்லாத கொடுமையில் மில் துணி எடுக்க வேண்டியதாயிற்று. அரக்குக் கரை போட்ட மஞ்சள் துணி.

“உயரம் எவ்வளவு தாயி?” என்றார் மாரிச்சாமி.

“நூல் கொண்டாந்திருக்கேன்.”

நெசவுக்காரக் குடும்பத்தில் பிள்ளையை முழம் போட்டு அளக்கமாட்டார்கள். குதிகாலிலிருந்து உச்சிவரை ஒரு நூலைப் பிடித்து, அந்த இடத்தில் முடிச்சுப் போட்டு வெட்டிவிடுவார்கள். பாலையா தீபாவளிக்குத் தீபாவளி அப்படி ஒரு நூலைக் கடிதத்தில் வைத்து அனுப்புவான். லிங்கம்மாள் அதை விரலி மஞ்சளில் சுற்றிச் சாமி மாடத்தில் வைப்பாள். துணி நெய்கிற அன்றுதான் பிரிப்பாள். இந்த வருஷம் நெய்யவில்லையா, நூலும் சுற்றியபடியே கிடந்தது. ஐந்து வருஷத்து மஞ்சள் துண்டுகளையும் டப்பாவோடு தூக்கி வந்திருந்தாள். அளவு பார்த்துவிட்டுக் கொழும்புக்கே கொண்டுபோய்ப் பிள்ளையிடம் காட்ட வேண்டுமென்று ஆசை. ‘பாரு, நீ இத்தனூண்டு இருந்தே.’

“போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் எம்புட்டு வளந்திருக்கான்னு பாப்பமே” என்று சொல்லி, கதவு நிலையில் இருந்த ஆணியில் இரண்டு நூலையும் சேர்த்து மாட்டித் தொங்கவிட்டாள்.

இரண்டு முடிச்சும் ஒரே இடத்தில் நின்றன.

ஜாக்கெட் வாங்க வந்திருந்த பஞ்சம்மாள் எட்டிப் பார்த்தாள். நான்கு பிள்ளை பெற்றவள். லிங்கம்மாளுக்கு ஒன்றுவிட்ட அக்கா முறை.

“ஒரே நூலையா ரெண்டா மடிச்சே?”

“இல்லக்கா. இது போன வருஷத்தது. இது இந்தத் தீபாவளிக்கு வந்தது.”

“அதெப்படி? இந்த வயசுல பிள்ளைக வருஷத்துக்கு நாலு விரக்கடையாவது வளருமே.” பஞ்சம்மாள் நூலை இழுத்துவிட்டுப் பார்த்தாள். முடிச்சுகள் நகரவில்லை. “பிள்ளைக்கு உடம்பு கிடம்பு சரியில்லையோ? அங்கயும் அரிசி ரேஷனாமே. கஞ்சி சரியா ஊத்துறாகளோ இல்லையோ.”

லிங்கம்மாளுக்கு அப்போதே முடிவாகிவிட்டது. பிள்ளை நோஞ்சானாய் இருக்கிறாள். தாய் பக்கத்தில் இல்லாத பிள்ளை வேறெப்படி இருக்கும்! இன்னும் முன்னாலேயே கிளம்பியிருக்க வேண்டும். இந்த மனுஷன் கடல் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்த நாளெல்லாம் அங்கே என் பிள்ளை காய்ந்து கிடந்திருக்கிறாள்.

மாரிச்சாமி பெரிய மனிதர். பேச்சை வளர்க்கவில்லை. “உள்பக்கம் மூணு மடிப்பு வச்சுத் தச்சுத் தாரேன் தாயி. நீங்க போய்ச் சோறு போட்டீகன்னா பிள்ளை கடகடன்னு வளந்துரும். வளர வளர ஒவ்வொரு மடிப்பாப் பிரிச்சு விடுங்க” என்றார்.

மிஷின் ஓடிய கொஞ்ச நேரமும் லிங்கம்மாள் அந்த நூல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பஸ்ஸில் இடம் கிடைத்தது. பெட்ரோல் தட்டுப்பாடு வந்ததிலிருந்து பின்னால் ஓர் உருளையைக் கட்டிக்கொண்டு, கரியை மூட்டி ஓட்டுகிற பஸ். ஓடுகிறது என்று சொல்வது மரியாதைக்குத்தான். மானாமதுரையில் ரயில் ஏறி, மண்டபத்தில் அம்மை குத்திய சீட்டைக் காட்டி, தனுஷ்கோடியில் கப்பல். கடலைத் தாண்டினால் தலைமன்னார். பிள்ளையைத் தலைமன்னார்த் துறைக்கே கூட்டிவரச் சொல்லிப் பாலையாவுக்கு எழுதியாயிற்று. அவள் சொல்லச் சொல்லத் திம்மையாதான் எழுதினார். அவளுக்கு எழுத்து வாசனை கிடையாது.

“பிள்ளை வளரலைங்க” என்றாள் லிங்கம்மாள்.

திம்மையா ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். “என்னது?”

“ரெண்டு வருஷத்து நூலையும் சேத்துப் பாத்தேன். ஒரு விரக்கடைகூட ஏறல. சீக்காளியா இருக்கான்னு பாலையா எழுதலையே. நல்லாருக்கான்னுதானே வாசிச்சீக?”

“ம்.”

“இனிமே அவளை அங்க விடக்கூடாது. கையோட கூட்டிட்டு வந்துரணும். நம்ம கேப்பக்கஞ்சி ரெண்டு மாசம் குடிச்சா தேறிருவா.”

அவர் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இருபுறமும் கருவேல மரமும் கரிசல் மண்ணும், பருத்திக் காடும் ஓடின. லிங்கம்மாள் மடியில் டப்பாவைத் திறந்து, இந்த வருஷத்து நூலை எடுத்து விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். கை சும்மா இருந்து பழக்கமில்லை.

மூன்றாம் தடவை சுற்றும்போது விரல் நின்றது.

நூலை மூக்கருகில் கொண்டுபோனாள். பிறகு பழைய நூல் ஒன்றை எடுத்து இரண்டையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டிப் பார்த்தாள். இருபது வருஷமாகத் தறி நாடாவுக்கு நூலைத் தார் சுற்றுகிறவள். கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்த வீட்டு நூல் என்று சொல்லிவிடுவாள்.

அதற்குள் திருச்சுழி வந்துவிட்டது. “கரி போடணும், அரைமணி நேரம் நிக்கும். எறங்குறவுக எறங்கிக்கிருங்க” என்றான் கண்டக்டர். குண்டாற்றுப் பக்கம் ஒரு புளிய மரம். சனம் நிழலுக்கு ஒதுங்கியது. ஆற்றில் மணல்தான் வெளுத்துக் கிடந்தது. திம்மையா மரத்தடியில் குந்தினார். லிங்கம்மாள் உட்காரவில்லை.

“இது நம்ம வீட்டு நூலு” என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“பாலையா அனுப்புறது தையக்கட நூலு. வழவழன்னு இருக்கும். இதுல நூலுக்குப் போடுற நம்ம கஞ்சி வாசம் அடிக்கி. நான் சுத்தின நூலு எனக்குத் தெரியாதா? இது எப்படிக் கொழும்புக்குப் போயிட்டுத் திரும்பி வந்துச்சு?”

“லிங்கம்மா... உக்காரு.”

“கேட்டதுக்குச் சொல்லுங்க.”

“நான்தான் வெட்டினேன்.”

“எதுக்கு? பாலையா நூல் அனுப்பலையா?”

திம்மையா மண்ணைப் பார்த்தார். பத்து மாதமாக அந்த மனிதரின் தொண்டையில் நின்றது அப்போதுதான் வெளியே வந்தது.

“அளக்கிறதுக்குப் பிள்ளை இல்லை லிங்கம்மா. போன பங்குனியிலேயே போயிட்டா.”

பக்கத்தில் யாரோ வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டிருந்தார்கள். கரி உருளையை ஊதுகிற சத்தம் கேட்டது. லிங்கம்மாள் அழவில்லை. காதில் விழுந்தது உள்ளே இறங்க நேரம் பிடித்தது. கையிலிருந்த நூலைப் பார்த்தாள்.

“இது...?”

“போன வருஷ நூலைப் பக்கத்துல வச்சு அதே அளவுக்கு வெட்டினேன். மயிரிழை தப்பாமத்தான் வெட்டினேன்.”

“வளரும்னு உங்களுக்குத் தோணலையா?”

“தோணலை. எனக்கு அவ அந்த அளவுலயே நின்னுட்டா.”

பிள்ளை வளர்த்த எவனும் இந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டான். நாலு விரற்கடை கூட்டி வெட்டியிருப்பான். கதை இன்னும் கொஞ்ச தூரம் ஓடியிருக்கும். திம்மையாவுக்குத் தெரிந்ததெல்லாம் அளவு பிசகாமல் வெட்டுவது ஒன்றுதான்.

“சொல்லணும்னுதான் ஒவ்வொரு நாளும் நெனச்சேன். நீ தார் சுத்திக்கிட்டே அவளுக்குப் பாட்டுப் படிப்பே. தெருவுல நாலு பேரு பிள்ளையப் பத்திப் பேசினா நீயும் உன் பிள்ளையச் சொல்லுவே. அதை எப்படிப் பிடுங்க? வாய் வரல. நீயே சீட்டு வாங்கிட்டு வந்து நின்னப்போ தடுக்கவும் முடியல. இன்னிக்கு ரயில்ல சொல்லிருவோம்னு இருந்தேன். இல்லாட்டி கப்பல்ல...”

“அங்க போய் எறங்கினப்புறம் யாரு பிள்ளையக் காட்டியிருப்பீக?”

திம்மையா இடுப்பில் செருகியிருந்த துணிப்பையிலிருந்து நான்கு காகிதங்களை எடுத்து நீட்டினார். மூன்று, பாலையாவின் கடிதங்கள்.

“வாசிக்கிறேன், கேளு” என்று பிரிக்கப் போனார்.

அவள் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். “நீங்க வாசிக்க வேண்டாம். நீங்க வாசிச்சதெல்லாம் கேட்டாச்சு.”

இதைத் தமிழில் சொன்னாள். பதினைந்து வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் அவரிடம் தமிழில் பேசியதில்லை. பால்காரனிடமும் தபால்காரனிடமும் பேசுகிற பேச்சு. திம்மையாவின் முகம் செத்துப்போயிற்று.

சற்றுத் தள்ளிக் குடையை ஊன்றிக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தாள். நரிக்குடியில் பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா, பெயர் சண்முகவடிவு. இதே பஸ்ஸில் வந்தவள். லிங்கம்மாள் நேரே அவளிடம் போனாள்.

“அம்மா, எனக்கு எழுத்துத் தெரியாது. இதுல இருக்கிறதை இருக்கிறபடிக்கு வாசிச்சுச் சொல்லணும். ஒரு எழுத்துக் கூட்ட வேணாம், குறைக்கவும் வேணாம்.”

சண்முகவடிவு முதல் காகிதத்தைப் பிரித்தாள். நாலு வரி கண்ணால் ஓட்டியவள் சட்டென்று நிறுத்தினாள். “தாயி, இதுல நல்ல சேதி இல்லையே.”

“தெரியும். வாசிங்க.”

“‘அண்ணாவுக்கும் மதினிக்கும் பாலையா நமஸ்காரம் செய்து எழுதுவது. குழந்தை சௌடேஸ்வரி பங்குனி பன்னிரண்டாம் தேதி காலையில் தவறிப்போனாள். தொண்டை அடைப்பான் என்று டாக்டர் சொன்னார். மூன்று நாள்தான் கிடந்தாள். கடைசி நாள், அம்மா கப்பலில் வருகிறாளா என்று கேட்டாள். வருகிறாள் என்று சொன்னேன். மதினியின் பச்சைச் சேலையிலேயே சுற்றி அடக்கம் செய்தோம்.’”

லிங்கம்மாளின் கை தானாக எழுந்து தன் தோளில் கிடந்த முந்தானையைப் பிடித்தது.

இரண்டாவது கடிதம் வைகாசியில் எழுதியது. “‘பதில் வரவில்லை. மஞ்சள் நீர் குடித்த அன்றே அவள் உங்கள் பிள்ளை. குழியில் பால் ஊற்ற எனக்குப் பாத்தியம் இல்லையென்று இங்குள்ள நம் பெரியவர்கள் சொல்கிறார்கள். மதினி வந்து ஊற்ற வேண்டும். அதுவரை அடையாளத்துக்கு ஒரு கல் மட்டும் வைத்திருக்கிறேன்.’”

மூன்றாவது, ஆவணி. வாத்தியாரம்மாவின் குரல் தழைந்துவிட்டது. “‘நான் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று மதினி கோபமாக இருப்பார்கள். அவர்கள் வராவிட்டாலும் பாதகமில்லை, ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். இந்த ஊரில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடையை விட்டு மலைப்பக்கம் போகிறேன். போன இடத்திலிருந்து விலாசம் எழுதுகிறேன்.’ அவ்வளவுதான் தாயி.”

“அப்புறம் எழுதலையா?” என்று லிங்கம்மாள் திரும்பிக் கேட்டாள்.

“இல்லை” என்றார் திம்மையா.

அப்படியென்றால் பத்து மாதமாகப் பாலையாவின் கணக்கில் அவள் யார்? பிள்ளை செத்த சேதி தெரிந்தும் எட்டிப் பார்க்காதவள். ஒரு வரி எழுத மனமில்லாதவள். அந்தப் பத்து மாதமும் அவள் தலையில் பூ வைத்தாள். வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்குப் போட்டாள்.

“எம்பிள்ளை செத்த வருஷம் நான் தீபாவளி கொண்டாடியிருக்கேன்” என்றாள். “பணியாரம் சுட்டுத் தெருவுக்கெல்லாம் கொடுத்தேன். எம்மக பேரச் சொல்லிக் கொடுத்தேன்.”

அப்போதுதான் அழுதாள். சத்தமில்லை. வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு குனிந்து குனிந்து அழுதாள். திம்மையா எழுந்து இரண்டடி வந்தார். அவள் கையை உயர்த்தித் தடுத்தாள். அவர் அங்கேயே நின்றுவிட்டார்.

“இன்னொரு காகிதம் இருக்கே” என்றாள் சண்முகவடிவு, என்ன செய்வதென்று தெரியாமல். ஒட்டிய உறை. தபால் தலைகூட ஒட்டியிருந்தது, முத்திரை விழவில்லை. லிங்கம்மாள் தலையை ஆட்ட, வாத்தியாரம்மா கிழித்து வாசித்தாள்.

“‘பாலையாவுக்கு மதினி சொல்லி எழுதுவது. தை மாதம் வருகிறோம். பிள்ளையைத் தலைமன்னாருக்குக் கூட்டிக்கொண்டு வா. அவள் முதலில் என்னைத்தான் பார்க்க வேண்டும். எனக்குப் பிள்ளை தூக்கிப் பழக்கமில்லை. முதலில் அவள் கையை மட்டும் என் கையில் கொடு...’”

சண்முகவடிவால் மேலே வாசிக்க முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றிக்கொண்டாள்.

“அது நான் சொன்னதும்மா” என்றாள் லிங்கம்மாள். “போன மாசம் சொன்னேன்.”

ஆக, அந்தக் காகிதம் போகவில்லை. தலைமன்னாரில் அவளுக்காக யாரும் நிற்கப்போவதில்லை. மலைப்பக்கம் போன பாலையா எந்தத் தோட்டத்தில், எந்தக் கடையில் இருக்கிறானோ. அவளுக்குத் தெரிந்தவர்களில் அந்தக் குழி இருக்கிற இடம் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

கண்டக்டர் ஊதலை ஊதினான். “நரிக்குடி, மானாமதுரை! ஏறுங்க, ஏறுங்க!”

லிங்கம்மாள் முகத்தைத் துடைத்தாள். நான்கு காகிதங்களையும் மடித்து, அம்மை குத்திய சீட்டோடு சேர்த்து முந்தானையில் முடிந்தாள். நூல் டப்பாவை எடுத்துக்கொண்டாள்.

“லிங்கம்மா, எங்க போற?” திம்மையா பதறினார். “இனிமே அங்க போய் என்ன இருக்கு? வீட்டுக்குப் போவோம் வா.”

“எம்பிள்ளைக்கு இன்னும் பால் ஊத்தல.”

இதுவும் தமிழ்தான்.

“உனக்கு எழுத்துத் தெரியாது. ஊர் தெரியாது. அவன் இருக்கிற இடமே தெரியாது. எப்படிப் போவே?”

“கேட்டுக் கேட்டுப் போறேன். கேட்டா உள்ளதைச் சொல்றவுகளும் உலகத்துல இருக்காக.”

பஸ்ஸுக்குள் ஏறிப் பழைய இடத்தில் உட்கார்ந்தாள். சண்முகவடிவு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்டக்டர் தலைகளை எண்ணினான். “மானாமதுரைக்கு நீங்க ரெண்டு பேரு இருந்தீகளே தாயி. இன்னொரு ஆளு?”

லிங்கம்மாளின் மடியில் மஞ்சள் பாவாடை இருந்தது. ஓரத்தைத் திருப்பி மாரிச்சாமி வைத்த மடிப்பை விரலால் தடவினாள். ஒன்று, இரண்டு, மூன்று. வளர வளரப் பிரித்துவிடச் சொல்லிக் கொடுத்தது.

“அண்ணே, வாரீகளா இல்லையா? பஸ்ஸு நிக்காது” என்று கண்டக்டர் வெளியே பார்த்துக் கூவினான்.

பஸ் ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பியது. பின்னால் யாரோ ஓடி வருகிற சத்தமும், பின்படிக் கம்பியைப் பிடிக்கிற சத்தமும் கேட்டன. லிங்கம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை.